காணி வேலைக்கு ஒரு ஏ.ரி.வி: வாங்கும் முன்னும் ஓட்டும் முன்னும்

கனடாவில் வடக்கே காணி வாங்கிய நம்மவர்கள் முதல் வருடம் முழுக்க ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியோடு மல்லுக்கட்டுவார்கள். இரண்டாம் வருடம் எனக்குத் தொலைபேசி வரும். “அண்ணை, ஏ.ரி.வி ஒண்டு எடுக்கலாம் எண்டு இருக்கிறன். எத்தினை சிசி நல்லது?” பதிலுக்கு நான், காணியில் ஆகச் சரிவான இடம் எது என்று கேட்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

எங்கள் காணி ஒன்ராறியோவில், மடொக் ஊருக்கு வடக்கே, 14 ஏக்கர். மேட்டில் கருங்கற்பாறை, பள்ளத்தில் சதுப்பு, இடையில் மேப்பிள் மரங்கள். ஏ.ரி.வி என்றால் கரடுமுரடான நிலத்திலும் ஓடுகிற சிறிய நாலு சில்லு வண்டி. ஒரே ஏ.ரி.வியைத்தான் ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். அது இரண்டு தடவை என்னைப் பயமுறுத்தியிருக்கிறது, இரண்டு தடவையும் பிழை என்னுடையது. முதன்முதலாக ஒன்று எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காணியை நடந்து பாருங்கள்

விளம்பரங்களைப் பார்க்க முதல் ஒரு தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு காணியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒரு வருடத்தில் என்னென்ன இழுக்க வேண்டும், எவ்வளவு தூரம், ஆகக் கூடிய ஏற்றம் எங்கே, ஆக ஒடுங்கிய இடம் எத்தனை அங்குலம், இந்த நாலையும் எழுதுங்கள். என் தாளில் இருந்தவை அடுப்பு விறகு, 90 மீற்றர் நீள வீட்டுப் பாதையில் விழும் பனி, பாணி காய்ச்சப் பங்குனி மாதம் மரத்திலிருந்து இறக்கும் மேப்பிள் நீர், கொஞ்சம் வேலிக்கட்டை. ஒடுங்கிய இடம் இரண்டு பாறைகளுக்கு நடுவே 56 அங்குலம்.

விறகை மட்டும் கணக்குப் பார்ப்போம். இங்கே விறகின் அளவு புஷ் கோர்ட்: நாலு அடி அகலம், நாலு அடி உயரம், எட்டு அடி நீளம். பச்சை மேப்பிள் என்றால் ஒரு கோர்ட் இரண்டு தொன்னை ஒட்டி வரும். 250 கிலோவாக ஏற்றினால் எட்டு நடை. எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலத்துக்கு ஐந்து கோர்ட் எரியும், ஆக 40 நடை. அத்தனையும் ஆள் நடக்கிற வேகத்தில். என் வண்டியின் மீற்றரில் இன்றைக்கு 410 மணி நேரம், 2,900 கிலோமீற்றர் காட்டுகிறது. வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஏழு கிலோமீற்றர். கடையில் யாராவது நூறுக்கு மேல் ஓடும் என்று சொல்லி ஒரு வண்டியைக் காட்டினால் இந்த ஏழை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை, எந்த எஞ்சின்

ஸ்போர்ட் வகையை விட்டுவிடுங்கள். பின் சில்லுகள் மட்டும் இழுக்கும், சாமான் வைக்கத் தட்டும் இருக்காது. மிச்சம் இரண்டு. ஒன்று யூட்டிலிற்றி ஏ.ரி.வி: மோட்டார்சைக்கிள் மாதிரிக் காலைப் பரப்பி இருந்து ஓட்டுவது, தேவையான நேரம் நாலு சில்லும் இழுக்கும், முன்னும் பின்னும் இரும்புத் தட்டு, பின்னால் இழுவைக் கொக்கி. மற்றது சைட்-பை-சைட்: கார் போல ஸ்ரியரிங், பக்கம் பக்கமாக இருக்கை, இருக்கைப் பட்டி, கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பிக்கூடு, பின்னால் கொட்டுப்பெட்டி.

வயது அறுபதைத் தாண்டியவர்கள், இடுப்பு வருத்தம் உள்ளவர்கள், மனைவியோ பேரப்பிள்ளையோ எப்போதும் கூட வருவார் என்பவர்கள், இவர்களுக்கு நான் சைட்-பை-சைட்தான் சொல்வேன். காசு கூட, அகலமும் கூட. 60 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிகள் பல, அவை என் பாறைகளுக்குள்ளால் போகாது. அதனால்தான் நான் ஏ.ரி.வி எடுத்தேன். கூடு இருக்கிறது என்ற தைரியத்தில் பட்டியைப் போடாமல் ஓட்டினால் கூடே ஆளை நசுக்கும்.

பழைய கொட்டகைகளில் மூன்று சில்லு வண்டிகள் இன்னும் கிடக்கின்றன, 300 டொலருக்குத் தருகிறேன் என்பார்கள். ஹொண்டா 1970 இல் விட்ட யூ.எஸ்.90 தான் அந்தப் பரம்பரையின் மூத்தது, குளிர்காலத்தில் மோட்டார்சைக்கிள் விற்க முடியாமல் இருந்த அமெரிக்க விற்பனையாளர்களுக்காகச் செய்தது. வளைவில் கவிழ்கிற குணம் அதற்குப் பிறவியிலேயே உண்டு. சுசுகி 1982 இல் நாலு சில்லோடு வந்தது. 1988 இல் அமெரிக்காவில் மூன்று சில்லு வண்டிகளின் விற்பனையே நிறுத்தப்பட்டது. சும்மா தந்தாலும் வேண்டாம்.

எஞ்சின் 400 முதல் 570 சிசி வரை இருந்தால் காணி வேலைக்குப் போதும். அதற்கு மேலே போனால் வண்டியின் பாரமும் கூடும், சதுப்பில் புதைந்தால் தூக்குவது நீங்கள்தான். கவனிக்க வேண்டியது கியரை. கூடுதலான வண்டிகளில் பெல்ட்டில் ஓடும் தானியங்கிக் கியர். ஓட்ட எளிது. அதில் எச் என்பது வேக ஓட்டத்துக்கு, எல் என்பது மெதுவான இழுவைக்கு. ஆனால் பாரத்தை இழுத்துக்கொண்டு எச் இல் ஊர்ந்தால் பெல்ட் சறுக்கிக் கருகும், றப்பர் எரியும் மணம் வரும். மணிக்கு பத்து, பதினொரு கிலோமீற்றருக்குக் கீழே போகிற எந்த வேலைக்கும் எல் இல் போடுங்கள். ஹொண்டா ராஞ்சர் 420 போன்றவை பெல்ட் இல்லாமல் பற்சில்லுக் கியரில் ஓடுபவை. ஊரில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிடித்த கைக்கு அதில் ஒரு பழக்கமான உறுதி தெரியும், எனக்குத் தெரிந்தது.

பவர் ஸ்ரியரிங் ஆடம்பரம் என்று நினைத்து விட்டேன், முதல் குளிர்காலத்திலேயே தோள் சொன்னது அது ஆடம்பரம் இல்லை என்று. கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச் 2,500 முதல் 3,500 இறாத்தல் வரை, கம்பிக்குப் பதில் செயற்கைக் கயிறு. உருக்குக் கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி வீசும்.

பாவித்த வண்டி பார்க்கப் போகும்போது

புதியது நடுத்தரமான ஒன்றே 10,000 டொலரை ஒட்டி நிற்கும். அதற்கு மேல் ஏற்றுக்கூலி, கடைச் செலவு, 13 வீத வரி. அதனால் பலர் பாவித்ததைத் தேடுகிறார்கள். தேடலாம்.

போனவுடன் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வர முதலே ஸ்ரார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிரில் கிளம்ப மறுக்கிற வண்டியாக இருக்கலாம். “ஆறட்டும், நான் ஒரு கோப்பி குடித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிப் போய்விட்டு வாருங்கள். பிறகு இருக்கையைக் கழற்றி காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறவுங்கள். உள்ளே சேறு காய்ந்திருந்தால் இருக்கை மட்டத்துக்குத் தண்ணீரில் இறங்கிய வண்டி. ஒயில் பால்கோப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், டொக் டொக் என்றால் மூட்டு தேய்ந்திருக்கிறது. அச்சின் றப்பர் உறைகள் கிழியாமல் இருக்க வேண்டும். நாலு சில்லு இழுவையைப் போட்டு ஈரப் புல்லில் ஓடிப் பார்க்க வேண்டும்.

மீற்றரில் கிலோமீற்றரை மணி நேரத்தால் வகுப்பது நான் எப்போதும் செய்வது. ஏழு, எட்டு வந்தால் வேலை செய்த வண்டி. முப்பது வந்தால் பறந்த வண்டி. முன்னதன் வின்ச்சையும் பெல்ட்டையும் பாருங்கள், பின்னதன் சட்டத்தில் வெல்டிங் தழும்பைத் தேடுங்கள். சட்டத்தில் பொறித்த இலக்கம் பத்திரத்தில் இருப்பதுதானா, வண்டி மேல் கடன் நிற்கிறதா என்பதையும் காசு கொடுக்க முதல் பார்த்துவிடுங்கள்.

பத்திரங்கள்

மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் பதிந்து இலக்கத்தகடு எடுக்க வேண்டும். சொந்தக் காணிக்கு வெளியே சில்லு உருண்டால் காப்புறுதி கட்டாயம், தலைக்கவசமும் கட்டாயம். வீட்டுக் காப்புறுதி இதையும் மூடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். காப்புறுதி நிறுவனத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீதியில் ஓட்ட 16 வயதும் ஜி2, எம்2 அல்லது அவற்றுக்கு மேற்பட்ட ஓட்டுநர் அனுமதிப்பத்திரமும் வேண்டும். வேக எல்லை 50 என்று போட்ட அல்லது அதற்குக் குறைந்த வீதியில் ஏ.ரி.வி ஆகக் கூடியது மணிக்கு 20 கிலோமீற்றரில்தான் ஓடலாம், அதற்கு மேற்பட்ட வீதியில் 50. எந்த வீதியில் விடுவார்கள் என்பது நகரசபைக்கு நகரசபை மாறும். 400 வரிசை நெடுஞ்சாலைகளில் அறவே கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கடுமை. சட்டம் 12 வயதுக்குக் கீழே சொந்தக் காணியிலும் பெரியவர் நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போதும் விடுகிறது. ஆனால் பெரியவர்களுக்கான வண்டியின் மட்காட்டில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஓட்டக்கூடாது என்று ஒட்டியே வருகிறது. 300 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைத் தன் உடம்பைச் சாய்த்து அடக்குகிற பாரம் பிள்ளையிடம் இல்லை. ஒருவர் ஓட்டும் வண்டியில் பின்னால் ஆள் ஏற்றுவதும் அப்படித்தான். அந்த நீள இருக்கை ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்கு.

முதல் கிழமை

சமதரையில் தொடங்குங்கள், பாரம் இல்லாமல். வேகம் கூட்டுவது வலது கைப் பெருவிரலால். மோட்டார்சைக்கிள் பழகியவர்கள் கைப்பிடியை முறுக்கிப் பார்த்து ஒன்றும் நடக்காமல் விழிப்பார்கள். இன்னொரு மோட்டார்சைக்கிள் பழக்கம் இதைவிடப் பொல்லாதது: வண்டி சாயும்போது காலை நிலத்தில் ஊன்றுவது. இங்கே ஊன்றினால் பின் சில்லு அந்தக் காலின் மேலேயே ஏறும். கால் எப்போதும் மிதிதட்டில்.

உடம்பு எப்போதும் மேட்டுப் பக்கம். ஏற்றத்தில் முன்னுக்குக் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னுக்கு நகர வேண்டும், சரிவைக் குறுக்கே வெட்டினால் மேட்டுப் பக்கமாகச் சாய வேண்டும். இறக்கத்தில் எல் இல் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும், பிறேக்கை மெதுவாகத் தொட்டால் போதும். ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் பின்னுக்கு உருள விடாதீர்கள். பிறேக்கைப் பிடித்து, நிறுத்துப் பிறேக்கைப் பூட்டி, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். வண்டியைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், அது உருண்டு போனால் போகட்டும்.

கனடா பாதுகாப்புச் சபையின் ஏ.ரி.வி பயிற்சி வகுப்பு இருக்கிறது. நான் நாலு வருடம் ஓட்டிவிட்டுத்தான் போனேன். போய் அரை மணித்தியாலத்தில் வெட்கமாகிவிட்டது.

ரயர் காற்றையும் இந்தக் கிழமையே பழகிக்கொள்ளுங்கள். கார் ரயருக்கு முப்பது சொச்சம் பி.எஸ்.ஐ, இதற்கு ஐந்து முதல் ஏழு. கார் மானியில் ஐந்தும் எட்டும் ஒரே மாதிரித் தெரியும், குறைந்த அழுத்தத்துக்கு உரிய மானி தனியாக வாங்க வேண்டும்.

சுமை

புத்தகத்தில் முன் தட்டுக்கு இவ்வளவு, பின் தட்டுக்கு இவ்வளவு, இழுவைக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். முன்னுக்கு 45 கிலோ, பின்னுக்கு 90 கிலோ என்பது பொதுவாகக் காணும் அளவு. அது சமதரைக் கணக்கு. சரிவுக்கு நான் பாதியாக்கிவிடுவேன். ரெயிலருக்குப் பிறேக் கிடையாது என்பதும் மனதில் இருக்க வேண்டும், இறக்கத்தில் அது பின்னாலிருந்து தள்ளும்.

என் முதல் பயம் மூன்றாம் வருடம். காற்றுக்குச் சாய்ந்த ஒரு ஆஷ் மரத்தைத் தறித்து, பன்னிரண்டு அடித் துண்டு ஒன்றை இழுத்து வரப் போனேன். மரத்தின் மூக்கு மண்ணைக் கிளறாமல் கொஞ்சம் தூக்கலாக வந்தால் நல்லதென்று சங்கிலியைக் கொக்கியில் போடாமல் பின் தட்டின் கம்பியில் போட்டேன். இருபது மீற்றர் நன்றாக வந்தது. பிறகு சருகுக்குள் மறைந்திருந்த ஒரு அடிக்கட்டையில் மரத்தின் மூக்கு மாட்டியது. நான் பெருவிரலை இன்னும் அழுத்தினேன். முன் சில்லு இரண்டும் எழும்பின. கைப்பிடி நெஞ்சுக்கு நேரே வந்தது, அதற்கு மேலே மரக்கொப்புகளும் வானமும். பெருவிரல் தானாக விட்டதால் வண்டி தொப்பென்று முன்னுக்கு விழுந்தது. ஒரு செக்கன் பிந்தியிருந்தால் அது என் மேலே மல்லாந்திருக்கும்.

காரணம் எளிது. இழுக்கிற புள்ளி பின் அச்சுக்கு மேலே இருந்தால், பாரம் மாட்டியதும் வண்டி பின் அச்சைச் சுற்றி எழும்பும். கீழே, கொக்கி மட்டத்தில் கட்டினால் இழுவை முன் சில்லைத் தூக்காது, சில்லு நின்ற இடத்தில் சுற்றும், அவ்வளவுதான். ஆகவே கொக்கியைத் தவிர வேறெங்கும் கட்டாதீர்கள். மூக்குத் தூக்க வேண்டுமென்றால் மரத்துக்கு அடியில் வைக்கிற சிறிய சறுக்குத் தட்டு ஒன்று விற்கிறார்கள்.

இரண்டாவது பயம் மேப்பிள் நீர். நாற்பது லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. பங்குனியில் இரவு உறைந்து பகல் இளகும் நாட்களில்தான் மரம் ஊறும், காலையில் கல்லாக இருந்த பாதை பின்னேரம் களியாகிவிடும். ரெயிலரில் 120 லீற்றர் தொட்டி, அதில் பாதிக்கு நீர். நேரே இறங்காமல் சரிவைக் குறுக்கே வெட்டினேன், அது கிட்டப் பாதை. தண்ணீர் மெதுவாகப் பள்ளப் பக்கம் போனது. தொட்டியின் பாரமும் அதோடு போனது. ரெயிலர் கவிழ்ந்து, கொக்கி வழியாக வண்டியின் மேட்டுச் சில்லைக் கிளப்பியது. நான் மேட்டுப் பக்கமாகக் குதித்துவிட்டேன், வண்டி கவிழாமல் ஆடி நின்றது. மகன் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பா, ஒண்டரை லீற்றர் பாணி போட்டுது” என்றான், கணக்கில் கெட்டிக்காரன்.

தொட்டி நிரம்ப இருந்திருந்தால்கூட இவ்வளவு ஆட்டம் வந்திருக்காது. பாதித் தொட்டிதான் பொல்லாதது. இப்போது மூடியுள்ள 20 லீற்றர் கலன்களில் நிறைய நிறைய ஊற்றி வரிசையாக வைத்துக் கட்டுகிறேன். சரிவில் நேரே ஏற்றம், நேரே இறக்கம். சுற்றுப் பாதை என்றாலும் அதுதான். தோட்டத்துக்கு மருந்தோ தண்ணீரோ தெளிக்கத் தொட்டி ஏற்றுபவர்களுக்கும் இதே கதைதான்.

பிக்அப்பில் ஏற்றுவதும் ஒரு சுமை வேலை, ஆட்கள் இதில்தான் அசட்டையாக இருக்கிறார்கள். சாய்பலகையைப் பட்டியால் வாகனத்தோடு கட்டாமல் ஏற்றினால், முன் சில்லு ஏறும்போது பின் சில்லு பலகையை உதைத்துத் தள்ளும், வண்டி ஆளோடு மல்லாக்க விழும். கட்டுங்கள், நாலு சில்லு இழுவையில் எல் இல் போடுங்கள், நடுவில் நிற்காமல் ஒரே சீராக ஏறுங்கள்.

பனி

நடுத்தர வண்டிக்கு முன்னால் பூட்டிப் பனியைத் தள்ளுகிற 60 அங்குலக் கலப்பை சரி. நிலம் இறுகும் வரை அவசரப்பட வேண்டாம், முதல் பனியை வழித்தால் பாதையின் சரளைக்கல் முழுக்கப் புல்லுக்குள் போய்விடும், வைகாசியில் குனிந்து பொறுக்க வேண்டும். மார்கழியில் பனியை எவ்வளவு தள்ளி ஒதுக்க முடியுமோ அவ்வளவு தள்ளி ஒதுக்குங்கள். ஓரத்தில் குவித்தது கல்லாக உறைந்து, மாசியில் பாதை கார் போக இடமில்லாமல் ஒடுங்கிவிடும். கலப்பையைத் தூக்கி இறக்குவது வின்ச்தான், ஒரு குளிர்காலத்தில் கயிறு ஒரே இடத்தில் தேய்ந்து அறும். கலப்பைக்கென்று குட்டைப் பட்டி ஒன்று போட்டுக்கொண்டால் கயிறு மிஞ்சும்.

காட்டுப் பாதை

எங்கள் பக்கத்தில் ஹேஸ்ரிங்ஸ் பாரம்பரியத் தடம், கிழக்கே கே அண்ட் பி தடம், இரண்டும் பழைய ரயில் பாதைகள். கே அண்ட் பி என்றால் கிங்ஸ்ரன் அண்ட் பெம்புரோக். அந்த ரயில் ஊர்ந்த ஊரலுக்கு ஊர்ச்சனம் ‘கிக் அண்ட் புஷ்’ என்று பேர் வைத்தார்கள், உதைத்துத் தள்ளு என்று. ரயில் செங்குத்தாக ஏறாது, ஆகவே இந்தத் தடங்களில் ஏற்ற இறக்கம் குறைவு. பழகுபவர்களுக்கு நல்ல இடம்.

தடத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எந்தச் சீட்டு என்பது அந்தத் தடத்தைப் பராமரிக்கிற கிளப்பைப் பொறுத்தது. பனி உருகும் காலத்தில் பல தடங்களை மூடிவிடுவார்கள். எதிரே வருபவர் கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினால் அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டி வருகிறது. பொத்திய கை காட்டினால் அவர்தான் கடைசி. குதிரையில் வருபவரைக் கண்டால் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, வாய்விட்டு வணக்கம் சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அடங்கும். தண்ணீரில் அடி தெரியாவிட்டால் இறங்கித் தடியால் பார்க்க வேண்டும், மிதிதட்டுக்கு மேலே வருமென்றால் திரும்பிவிடலாம்.

தொலைபேசி வேலை செய்யாத இடம் நிறைய. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ரயர் ஓட்டை அடைக்கும் பொதி, சிறிய பம்ப், மரத்தில் சுற்றுகிற வின்ச் பட்டி, தண்ணீர், ஒரு விசில். கார்த்திகையில் மான் வேட்டைக் காலம், செம்மஞ்சள் மேலாடை போடாமல் காட்டுக்குள் போக வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிருக்குள் எல்லாம் உண்ணி பாருங்கள். கிழக்கு ஒன்ராறியோவின் கருங்கால் உண்ணி லைம் நோயைக் காவுவது.

வண்டியைப் பார்த்துக்கொள்ளுதல்

புதிய வண்டியின் முதல் சேர்விஸ் பெரும்பாலும் 20, 25 மணி நேரத்திலேயே வரும், அதைத் தள்ளிப்போட வேண்டாம். சேற்றில் ஓடினால் அன்றைக்கே கழுவுங்கள், முக்கியமாக ரேடியேற்றரை. அழுத்தத் தண்ணீரை முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளேதான் ஏறும், தகடுகளும் வளையும். தோட்டக் குழாயால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்றுங்கள்.

கலப்பை போடாதவர்கள் குளிர்காலத்தில் வண்டியை மூடிவைக்கும்போது பெற்றோல் தொட்டியை நிரப்பி, எரிபொருள் கெடாமல் வைக்கும் மருந்தை ஊற்றி, அது எஞ்சினுக்குள் போகப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். பற்றரியைச் சிறு சார்ஜரில் விடுங்கள். பிறகு எலி. காற்றுப் பெட்டியில் கூடு கட்டி வடிகட்டியைக் கடித்துப் போடுவதில் இந்த நாட்டு எலியை மிஞ்ச ஆளில்லை. புகைக்குழாய் வாயையும் காற்றுக் குழாய் வாயையும் உருக்குப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். அடைத்த கையோடு ஒரு சிவப்புத் துணியைத் திறப்பில் கட்டிவிடுங்கள். சித்திரையில் ஆசையோடு ஸ்ரார்ட் செய்ய வரும்போது, பஞ்சு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று அந்தத் துணிதான் சொல்லும்.